நடுக்கம் தீர்ந்தால் மட்டும் போதுமா?

தேயிலைத் தோட்டத்திலே ஒருவருடைய தகுதியை அளந்து காட்டுவது கை. கொழுந்து கிள்ளும் விரலும், கவ்வாத்துக் கத்தியை வீசும் மணிக்கட்டும், திருவிழாக் காலத்திலே தப்பு முழக்கும் கையுமே மலையகத் தொழிலாளியின் முதல். அந்தக் கை ஒருநாள் அவன் சொற் கேளாமல் நடுங்கத் தொடங்குமாயின், அவனுக்கும் அவன் குடும்பத்தாருக்கும் உண்டாகும் கலக்கம் சொல்லுந் தரத்ததன்று. கொஸ்லந்தையைச் சூழ்ந்துள்ள தோட்டங்களிலே, "தாத்தாவுக்குக் கை உதறுது, வயசாகிப் போச்சு" என்று சொல்லி அதனை விதியின் மேல் ஏற்றிவிடுவோர் பலர். முதுமையின் குறை என்று அவர்கள் எண்ணும் அவ்வுதறல், சிலரிடத்து ஒரு தனி நோயின் அறிகுறியாகும். அதற்கு மருந்தும் உண்டு. சத்திர சிகிச்சையும் உண்டு.

அந்த நோய்க்குப் பார்க்கின்சன் நோய் என்று பெயர். தமிழில் இதனை நடுக்குவாதம் என்றும் வழங்குவர். மூளைக்குள் மெல்லிய கம்பியைச் செலுத்தி, மின்சாரத்தினால் நடுக்கத்தை அடக்கும் ஒரு சிகிச்சை இதற்கு உண்டு. ஆழ்மூளைத் தூண்டல் என்பது அதன் பெயர். அதனைப் பற்றிக் கேள்வியுற்றோர் முதலில் வினவுவது, "கை நின்றுவிடுமா?" என்பதே. அது நியாயமான வினா. ஆனால், அதனோடு சேர்த்துக் கேட்க வேண்டிய வினா இன்னொன்று உண்டு. மூளைக்குள்ளே செல்லும் அக்கம்பி, மனிதனுடைய அறிவையும் சொல்லையும் குணத்தையும் என்ன செய்யும்? இவ்வினாவுக்கு மருத்துவ உலகம் கண்ட விடையை எமது வாசகர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயும் மருந்தும்

1817ஆம் ஆண்டிலே லண்டன் நகரத்து வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஒரு சிறு நூலை வெளியிட்டார். அதிலே அவர் விவரித்த நோயாளிகள் 6 பேர். அவர்களுட் சிலரை அவர் தெருவிலே கண்டாரேயன்றித் தம் வைத்தியசாலையிலே கண்டாரல்லர். ஓய்ந்திருக்கும் கையின் நடுக்கத்தையும், முன்னோக்கி வளையும் உடலையும், தன்னையறியாமல் ஓட்டமாக மாறும் நடையையும் அவர் நுணுகி நோக்கி எழுதினார். அதே நூலிலே, புலன்களும் புத்தியும் இந்நோயினாற் பழுதுபடுவதில்லை என்றும் குறித்துவைத்தார். இக்கருத்து நெடுங்காலம் நிலைபெற்றிருந்தது. இது கைகாலின் நோய், மனத்தின் நோயன்று என்றே உலகம் எண்ணிற்று.

உண்மை அவ்வாறன்று. நடுமூளையிலே கருநிறமாய்க் காணப்படும் ஒரு பகுதியின் அணுக்கள் மெல்ல மெல்ல மடிவதும், அவை சுரக்கும் டோபமைன் என்னும் பொருள் குறைவதுமே நோயின் அடிப்படை. 1950ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியிலே மூளையில் டோபமைனின் பணியைக் கண்டறிந்த சுவீடன் நாட்டு அறிஞர் ஆர்விட் கார்ல்சன், 2000ஆம் ஆண்டிலே நோபல் பரிசு பெற்றார். டோபமைன் அசைவுக்கு மாத்திரம் உரியதன்று. ஊக்கத்துக்கும், திட்டமிடலுக்கும், ஒரு காரியத்திலிருந்து மற்றொன்றுக்கு மனத்தைத் திருப்புவதற்கும் அது வேண்டும். ஆதலின், நோய் முற்ற முற்றச் சிந்தனையும் மந்தமாகும். சிட்னி நகரத்து வைத்தியர்கள் ஒரு தொகுதி நோயாளிகளை ஆண்டுக்கணக்கிலே தொடர்ந்து கவனித்து, 2008ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். 20 ஆண்டுகள் கழிந்தும் உயிரோடிருந்தவர்களுள் 83 சதவீதத்தினருக்கு அறிவுத் தேய்வு ஏற்பட்டிருந்தது. கம்பியின் மேற் குற்றஞ் சுமத்து முன்னர், நோயே அறிவைத் தீண்டும் என்பதனை நாம் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

டோபமைன் குறையை ஈடுசெய்யும் மருந்து லெவோடோபா. இம்மருந்துப் பொருள் பூனைக்காலி விதையில் உண்டென்பதை 1937ஆம் ஆண்டிலேயே சென்னையைச் சேர்ந்த தாமோதரன், இராமசுவாமி என்னும் ஆய்வாளர் இருவர் பிரித்தெடுத்துக் காட்டினர். (விதையை வீட்டிலே இடித்துத் தாமே உண்ணுதல் தகாது, அளவு தவறினாற் கேடு விளையும்.) 1960ஆம் ஆண்டுகளிலே இம்மருந்து நோயாளிகளின் கைக்கு வந்தது. இன்றும் அதுவே தலையாய மருந்து. ஆயினும், சில ஆண்டுகள் சென்றபின் பலருக்கு ஒரு வேளை மருந்து மறு வேளை வரை தாங்குவதில்லை. மருந்து வேலை செய்யும் நேரத்திலோ உடல் வேண்டாத முறையில் நெளிந்தாடும். இந்த நிலையிலேதான் சத்திர சிகிச்சையைப் பற்றிய பேச்சு எழுகின்றது.

சென்னையும் கிறெனோபிளும்

மூளையின் ஆழத்தைக் கருவி கொண்டு அளந்து, குறித்த ஒரு புள்ளியைச் சென்றடையும் சத்திர சிகிச்சை நம்மவர்க்குப் புதியதன்று. 1950ஆம் ஆண்டிலே சென்னை அரசாங்கப் பொது மருத்துவமனையில் நரம்பியற் சத்திர சிகிச்சைப் பிரிவைத் தொடக்கிய டாக்டர் பா. இராமமூர்த்தியின் குழுவினர், 1960ஆம் ஆண்டுகளிலே இத்துறையில் உலகறிய உழைத்தனர். அக்குழுவிலே வளர்ந்தவர் டாக்டர் தஞ்சாவூர் சந்தானகிருஷ்ண கனகா. 1932ஆம் ஆண்டிலே பிறந்த இவ்வம்மையார், ஆசியாவின் முதல் பெண் நரம்பியற் சத்திர சிகிச்சை வைத்தியர்களுள் ஒருவர். மூளைக்குள் மின்முனைகளை நிலையாகப் பதித்து வைப்பதை இந்தியாவிலே முதன்முதற் செய்தவரும், 1975ஆம் ஆண்டிலேயே ஆழ்மூளைத் தூண்டலைக் கையாண்டவரும் இவரே. 2018ஆம் ஆண்டிலே இவர் காலமானார்.

அக்காலத்திலே நடுக்கத்துக்குப் பெரும்பாலும் செய்யப்பட்டது வேறு. மூளையின் ஆழத்திலே ஒரு சிறு புள்ளியைச் சிதைத்துவிடுவர். நடுக்கம் அடங்கும், ஆனால் சிதைத்ததை மீட்டல் இயலாது. இருபுறமும் அவ்வாறு செய்தபோது சிலருடைய பேச்சும் நினைவும் பழுதுற்றன. பிரான்ஸ் தேசத்துக் கிறெனோபிள் நகரிலே அலிம் லூயி பெனாபிட் என்னும் வைத்தியர், சிதைக்க வேண்டிய இடம் சரிதானா என்று அறிய மின்னூட்டிப் பார்த்தபோது, விரைவான துடிப்பு நடுக்கத்தை உடனே நிறுத்தக் கண்டார். அழிக்காமலே அடக்கலாம் என்றால் அழிப்பானேன்? 1987ஆம் ஆண்டிலே அவர் தம் முறையை வெளியிட்டார். 1993ஆம் ஆண்டிலே, தலமசு என்னும் பகுதிக்குக் கீழே அவரை விதையளவாய் அமைந்த ஒரு கருவைத் தூண்டத் தொடங்கினார். அக்கருவின் முக்கியத்துவத்தைக் குரங்குகளில் ஆராய்ந்து காட்டியவர் அமெரிக்க அறிஞர் மாலன் டிலோங். 2014ஆம் ஆண்டின் லாஸ்கர் பரிசு இருவருக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது.

இச்சிகிச்சையிலே மார்பின் மேற்புறத் தோலுக்கடியில் ஒரு சிறு மின்கலப் பெட்டி வைக்கப்படும். அங்கிருந்து கழுத்தின் வழியே தோலுக்கடியிற் செல்லும் கம்பி, மூளைக்குள் இருக்கும் மின்முனையைச் சேரும். வினாடிக்கு ஏறக்குறைய 130 தடவை மின்துடிப்பு பாயும். இது நோயைத் தீர்ப்பதன்று. மடிந்த அணுக்களை எழுப்புவதுமன்று. தக்கவாறு தெரிந்தெடுக்கப்பட்ட நோயாளியின் நடுக்கமும் விறைப்பும் மந்தமும் குறையும்; மருந்தின் அளவையும் பெரிதுங் குறைக்கலாம். இதுவே அதன் பெரும் பயன்.

குறைவது சொல்லோட்டம்

இனி எமது வினாவுக்கு வருவோம். அறிவு என்னாகும்?

ஜெர்மனி தேசத்திலே 123 நோயாளிகளை இரு கூறாக்கி, ஒரு கூற்றாருக்குச் சத்திர சிகிச்சையும் மற்றோருக்கு மருந்து மட்டுமே அளித்து, 6 மாதங்களின் பின்னர்ப் பரிசோதித்தனர். அதன் முடிவு 2008ஆம் ஆண்டில் வெளிவந்தது. பொதுவான அறிவாற்றல் சத்திர சிகிச்சையினாற் குன்றவில்லை. இஃது ஆறுதலான செய்தி. ஆனால், ஒரு துறையிலே தேய்வு தெளிவாகத் தெரிந்தது. அதுவே சொல்லோட்டம்.

சொல்லோட்டமாவது யாது? "ஒரு நிமிடத்துக்குள் உங்களுக்குத் தெரிந்த விலங்குகளின் பெயர்களைச் சொல்லுங்கள்" என்று கேட்பர். அல்லது, ஓர் எழுத்தைக் கூறி அதிலே தொடங்கும் சொற்களை அடுக்கச் சொல்வர். சத்திர சிகிச்சை பெற்றவர் முன்னர்ச் சொன்ன அளவுக்குப் பின்னர்ச் சொல்ல மாட்டார். சொற்கள் அழிந்துபோகவில்லை, மாடும் ஆடும் யாதென அவர் நன்கறிவார். களஞ்சியத்திலே நெல் இருக்கின்றது. அதனை வாரி எடுக்கும் மரக்கால்தான் சிறுத்துவிட்டது. பல நாட்டு ஆய்வுகளிலும் மீண்டும் மீண்டும் காணப்பட்ட மாற்றம் இதுவே. மின்சாரத்தை நிறுத்திய வேளையிலும் இக்குறை பெரும்பாலும் நீங்குவதில்லை. ஆதலின், மின்துடிப்பைக் காட்டிலும், கம்பி மூளையின் முற்பகுதியை ஊடுருவிச் செல்லும் வழியிலே நேரும் நுண்ணிய காயமே இதற்குப் பெரிதும் காரணம் என அறிஞர் பலர் கருதுகின்றனர்.

நேர்மையாகச் சொல்வதானால், இதனையும் சேர்த்துக் கூறுதல் வேண்டும். ஜெர்மானிய ஆய்விலே சொல்லோட்டங் குறைந்தவர்களும், தம் வாழ்வு முன்னையினும் மேம்பட்டதென்றே கூறினர். தாமே சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொள்ளவும், பிறர் உதவியின்றி உண்ணவும் முடிந்தவருக்கு, ஒரு நிமிடத்திலே நான்கு விலங்குகளின் பெயர் குறைந்தது பெரிதாகத் தோன்றாமை இயல்பே.

தளரும் பிறேக்கு

இரண்டாவது மாற்றம் தீர்மானம் செய்யும் வேகத்தைப் பற்றியது. பெரகலைச் சந்தியிலிருந்து கொஸ்லந்தைக்கு இறங்கும் வளைவுகளிலே வண்டி ஓட்டுவோர், பிறேக்கின் அருமையை அறிவர். எதிரே இரண்டு வழிகள் தோன்றி இரண்டும் ஏறக்குறைய ஒத்திருக்கும்போது, "சற்றுப் பொறு" என்று மனத்தைத் தடுத்து நிறுத்தும் பிறேக்கு ஒன்று மூளையிலும் உண்டு. தூண்டலுக்கு உள்ளாகும் அந்த அவரை விதையளவான கருவே அப்பணியிலும் பங்குகொள்கின்றது. அமெரிக்காவிலே மைக்கேல் பிராங்க் என்பவரும் அவர் குழுவினரும் 2007ஆம் ஆண்டில் இதனைச் சோதித்துக் காட்டினர். கடினமான தெரிவு எதிர்ப்படும்போது பிறர் தாமதித்துச் சிந்திக்க, மின்தூண்டலில் இருந்த நோயாளிகள் தாமதியாது பதில் கூறினர். சில வேளைகளில் எளிய தெரிவைக் காட்டிலும் விரைந்து கூறினர். தூண்டலை நிறுத்தியபோது அந்த அவசரம் காணப்படவில்லை.

இதனாலே மருந்தே மேல் என்று முடிவு கட்டிவிடலாகாது. டோபமைனை ஒத்த மருந்துகளாலும் சிலருக்குச் சூதாட்டத்திலும் வேண்டாத செலவிலும் அடங்கா வேட்கை பிறப்பதுண்டு. நட்டத்திலிருந்து பாடங் கற்கும் திறன் மருந்தினாற் குறையும். நின்று யோசிக்கும் திறன் தூண்டலினாற் குறையும். இரண்டின் குறைகளும் வெவ்வேறு வகையின.

மூன்றாவது, மனநிலை. சத்திர சிகிச்சைக்குப் பின்னர் மருந்தை வேகமாகக் குறைத்தால், எதிலும் பற்றில்லாத சோர்வு சிலரைப் பிடிக்கும். முதல் ஆண்டிலே உயிரை மாய்க்கும் எண்ணம் எழுதலும் சிலரிடத்து உண்டு. ஆதலின் அக்காலத்திலே மிகுந்த கண்காணிப்பு வேண்டும். பாரிஸ் நகரிலே 29 நோயாளிகளைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் கண்டு உரையாடிய வைத்தியர்கள், 2006ஆம் ஆண்டிலே ஓர் அரிய செய்தியை வெளியிட்டனர். உடல் நன்கு தேறியவர்களிற் பலர், தம்மையே தமக்கு அந்நியமாக உணர்ந்தனர்; கணவன் மனைவியரிடையே பிணக்குத் தோன்றிற்று; வேலைக்குத் திரும்ப இயன்றவரும் திரும்பவில்லை. செப்பனிட்ட உடலுக்குள்ளே கலங்கிய மனம் இருக்கக் கண்டனர். நோயாளியாக வாழப் பழகியவர் நோயில்லாதவராக வாழ்வதற்கும், அவரைப் பேணப் பழகிய குடும்பத்தார் அப்பேணலை விடுவதற்கும் காலம் வேண்டியிருக்கின்றது.

இருவர், இரு தெரிவுகள்

ஒரு தோட்டத்திலே இருவர் இருக்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் ஒரே நோய். ஒரே அளவு நடுக்கம். ஒருவர் தப்படிப்பவர், அவர் கைக்கு அயல் தோட்டங்களெல்லாம் செவி சாய்க்கும். மற்றவர் காமன் கூத்து வாத்தியார். மாசி மாதத்திலே ரதியும் மதனும் ஆடும்போது, ஏட்டைப் பாராமல் இரவு முழுவதும் அடியெடுத்துக் கொடுப்பவர். கைக்கு ஈடாகச் சிறிது சொல்லோட்டத்தை இழக்க நேரலாம் என்று வைத்தியர் கூறினால், தப்புக்காரர் மகிழ்ந்து உடன்படக் கூடும். கூத்து வாத்தியாரோ, "கை ஆடினா ஆடட்டும், வாய்தானே எனக்குப் பொழைப்பு" என்று கூறக் கூடும். இருவருள் ஒருவரையேனும் அறிவிலி என்று யார் சொல்ல வல்லார்?

இக்கட்டுரையின் சாரம் இதுவே. சிகிச்சையின் நன்மை தீமையை நடுக்கத்தின் அளவைக் கொண்டு மட்டும் நிறுத்தலாகாது. அம்மனிதன் எதனால் வாழ்கின்றான், எதனாலே தன்னைத் தானென்று அறிகின்றான் என்பதையும் தராசிலே இட வேண்டும். வைத்தியர் மின்முனையைப் பற்றி அறிவார். இதனை அறிவோர் நோயாளியும் அவர் வீட்டாருமே. வீட்டார் வாய் திறவாவிடின், தராசின் ஒரு தட்டு வெறுமையாகவே இருக்கும்.

வினாத்தாள் எம்மொழியில்?

பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லும் தொழிலிலே உள்ள எமக்கு ஒன்று நன்கு தெரியும். வினாத்தாளின் மொழி விளங்காத மாணவன் வெறுந்தாளைக் கொடுத்தால், அவனுக்கு அறிவில்லை என்று எழுதிவிடுதல் நீதியாகாது. சத்திர சிகிச்சைக்கு ஏற்றவரா என்று தீர்மானிக்கும் அறிவுப் பரிசோதனையும் ஒரு வினாத்தாளே. அறிவுத் தேய்வு முன்னரே ஏற்பட்டவருக்கு இச்சிகிச்சை பொருந்தாது. அவர் நிலை மேலும் மோசமாகலாம் என்பதனால் அவரை விலக்குவர். அவ்விலக்கு நியாயமானதே. ஆனால், பள்ளிப் படிப்பைச் சிறு வயதிலேயே விட்டு மலைக்குக் கொழுந்தெடுக்கச் சென்ற ஒரு தாயாரிடம், ஓர் எழுத்திலே தொடங்கும் சொற்களைக் கூறுமாறு கேட்டால், அவர் திகைப்பது நோயினாலா, எழுத்தறியாமையினாலா? சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ கேட்டு, அரைகுறையாக மொழிபெயர்த்த விடையைப் புள்ளியிட்டால் அது யாருடைய அறிவின் அளவு?

அத்தாயாரிடமே, "தோட்டத்திலே எந்தெந்த மலையிலே கொழுந்தெடுத்தீர்கள்? சமையலுக்கு என்னென்ன கீரை பறிப்பீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். சொற்கள் தாமே வரும். விலங்குகளின் பெயரைச் சொல்லும் சோதனைக்கு எழுத்தறிவு வேண்டுவதில்லை என்பதும் இங்கே நினைக்கத் தக்கது. தாய்மொழியிலே, அவரவர் கல்விக்கேற்ற சோதனையை வேண்டுவது சலுகை கேட்பதன்று. சரியான அளவைக் கேட்பதேயாகும். தகுதியுள்ளவர் விலக்கப்படாமலிருக்கவும், தகாதவர் உட்படுத்தப்படாமலிருக்கவும் அதுவே வழி.

வீட்டார் செய்யத் தக்கவை

கருவியின் விலை நாட்சம்பளக்காரர் கைக்கு எட்டுவதன்று என்பதை நாம் அறிவோம். தோட்டத்திலே பிறந்து கொழும்பிலும் வெளிநாடுகளிலும் உழைக்கும் பிள்ளைகளை உடைய குடும்பங்கள், இதனை எண்ணிப் பார்க்கும் காலம் வரலாம். சத்திர சிகிச்சையை நாடாதவர்க்கும் பின்வருவன பயன்படும்.

முதலாவது, உதறலெல்லாம் இந்நோயன்று. கிண்ணத்தைத் தூக்கும்போது நடுங்கும் கை வேறு. மடிமீது ஓய்ந்திருக்கும்போது நடுங்கும் கை வேறு. ஓய்விலே வரும் நடுக்கத்தோடு, நடை சுருங்குதல், கையெழுத்துச் சிறுத்தல், முகம் உணர்ச்சி காட்டாதிருத்தல் ஆகியனவும் சேருமாயின், டிஸ்பென்சரி மருந்தோடு நின்றுவிடாமல் நரம்பியல் வைத்தியரைக் காண வேண்டும்.

இரண்டாவது, ஒரு கொப்பியிலே கை நடுக்கத்தை மட்டுமன்றி மனத்தின் போக்கையும் எழுதி வைக்க வேண்டும். கடையிலே மிச்சப் பணத்தைச் சரியாக எண்ணுகின்றாரா? மருந்து வேளையை நினைவில் வைக்கின்றாரா? முன்னர்ப் பாடிய பாட்டை முழுமையாகப் பாடுகின்றாரா? லொத்தர்ச் சீட்டிலே திடீரென்று மோகம் பிறந்ததா? இத்தகைய குறிப்புகள் வைத்தியருக்குப் பெருந்துணையாகும்.

மூன்றாவது, சத்திர சிகிச்சை செய்வதாயின், அதற்கு முன்னரே தாய்மொழியில் அறிவுச் சோதனை நடந்ததா என்று கேட்க வேண்டும். முன்னளவு இல்லாதவிடத்துப் பின்னளவினால் ஒன்றும் விளங்காது. பேச்சுத் தடுமாற்றமும், மருந்துக்கும் அடங்காத நடைத் தளர்ச்சியும் இச்சிகிச்சையினாற் பெரும்பாலும் தீர்வதில்லை என்பதையும் முன்கூட்டியே அறிந்திருத்தல் நன்று.

நான்காவது, சிகிச்சைக்குப் பின்னர் அவசரம், சினம், பற்றின்மை, துயரம் ஆகியன தோன்றினால், "குணம் கெட்டுப்போச்சு" என்று நோயாளியை ஏசாமல், உடனே வைத்தியரிடம் கூற வேண்டும். மின்துடிப்பின் வலியையும் இடத்தையும் மாற்றலாம். மருந்தின் அளவையும் திருத்தலாம். சிதைத்துவிடும் பழைய முறையினின்றும் இது வேறுபடுவது இங்கேதான். வீட்டார் கூறினாலன்றி வைத்தியருக்கு இது தெரியவராது. சில நிமிடங்கள் காணும் வைத்தியர் முன்னிலையிலே பெரும்பாலோர் அடக்கமாகவே இருப்பர்.

ஜேம்ஸ் பார்க்கின்சன் கையைக் கண்டார். மனத்தை நோய் தீண்டாது என்று நம்பினார். அவர் காலத்து அறிவு அவ்வளவே. இன்று நமக்கு அந்தச் சாக்கு இல்லை. எமது லயங்களிலே கை நடுங்க அமர்ந்திருக்கும் தாத்தாவிடமும் அம்மாயியிடமும், கை எப்படி இருக்கின்றது என்று கேட்பதோடு நில்லாமல், அருகே அமர்ந்து பழங்கதை ஒன்றைச் சொல்லுமாறு கேளுங்கள். கதை சொல்லுபவருக்கும் மகிழ்ச்சி, கேட்பவருக்கும் மகிழ்ச்சி. அக்கதை எவ்விடத்திலே தடைப்படுகின்றது என்பது அடுத்த முறை வைத்தியரைக் காணும்போது சொல்வதற்கு உதவும்.